உஷார்! முதலில் அந்த ப்ராப்பைக் கழற்றுங்கள்

நேற்று ராத்திரி அக்கா மகன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கோவையில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டி, நடுவில் புத்தம்புது ஆர்.சி. விமானம். பேட்டரி செருகியிருக்கிறது, ரிசீவரில் விளக்கு எரிகிறது. மூக்கில் ப்ரொப்பெல்லர். அதற்கு ஒரு முழம் தள்ளி, கன்னத்தில் கையூன்றியபடி அவனுடைய ஒன்பது வயதுத் தங்கை. ‘மாமா, எப்படி இருக்கு?’ என்று கீழே ஒரு கேள்வி.

நான் பதில் எழுதவில்லை. போனைப் போட்டுக் கத்தினேன். “டேய், பேட்டரியைப் பிடுங்கு! முதல்ல பாப்பாவை எந்திரிக்கச் சொல்லு!”

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று அக்காவுக்குக்கூடப் புரியவில்லை. “தெர்மாகோல் பொம்மைதானேடா” என்றாள். பொம்மை இல்லை அக்கா. என் இடது கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அதுவும் ஒரு தெர்மாகோல் பொம்மை தந்ததுதான். நான் விமானத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ரேடியோவை, அதாவது அதை இயக்கும் ரிமோட்டை, மேசையில் நகர்த்தினேன். சட்டைக் கை, மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சியில் பட்டது. அந்தக் குச்சிக்கு மட்டும் ஸ்பிரிங் கிடையாது. தள்ளிய இடத்திலேயே நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அங்குல ப்ராப் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வந்தே பாரத் ரயிலைச் சோதனை ஓட்டத்தில் விரட்டிய வேகமே 180தான். இன்னொன்று, பழைய எண்ணெய் எஞ்சினாக இருந்தால் விரல் பட்டதும் திக்கித் திணறி நின்றுவிட வாய்ப்புண்டு. மின் மோட்டார் நிற்காது. தடை வந்தால் இன்னும் அதிக மின்சாரத்தை இழுத்துக்கொண்டு சுற்றத்தான் பார்க்கும். அதனால்தான் சொல்கிறேன்: வீட்டுக்குள் பேட்டரி செருகுவதென்றால் ப்ராப் டிராயருக்குள் இருக்க வேண்டும். சர்வோவைச் சரிபார்க்க, ரிசீவரை ரேடியோவோடு இணைக்க (பைண்ட் செய்ய), சும்மா விளக்கு எரிகிறதா என்று பார்க்க, எதற்கானாலும் சரி. மைதானத்துக்குப் போய், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அது மூக்கில் ஏற வேண்டும்.

கத்தி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தேன். அடுத்த அதிர்ச்சி. பையன் வாங்கியிருந்தது ஸ்பிட்ஃபயர்.

முதல் விமானம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இது. நடிகர் அஜித் ஏரோமாடலிங் செய்கிறார், சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்று 2018-இல் செய்திகள் வந்தபோதும் சரி, கல்லூரித் தொழில்நுட்ப விழாக்களில் விமானம் பறக்கவிடும்போதும் சரி, பார்க்கிற பையன்களுக்கு ஆசை பிறக்கிறது. ஆசை நேராகப் போர் விமானத்தில் போய் நிற்கிறது. இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், இல்லையென்றால் ஜெட். இவற்றுக்கு இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கும். நுனி போகப்போகக் குறுகும். வேகம் குறைந்தால் இறக்கை நுனி ஒன்று சட்டென்று தூக்கு விசையை இழக்கும். விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு தலைகீழாக விழும். அதுவும் எப்போது? தரையிறங்க வரும்போது, தாழ்வாக, காப்பாற்ற உயரமே இல்லாதபோது. விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். பெட்டியின் மேல் ‘தொடக்கக்காரர்களுக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள்.

முதலில் வாங்க வேண்டியது ட்ரெய்னர், பழகுவதற்கென்றே செய்த விமானம். அது பார்க்க அழகாக இருக்காது. அதுதான் அடையாளம் என்றே வைத்துக்கொள்ளலாம். இறக்கை உடம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் இரு நுனிகளும் கொஞ்சம் மேல்நோக்கி, அகட்டிய ‘வி’ போல எழுந்திருக்கும். இந்த எழுச்சிக்குப் பெயர் டைஹீட்ரல். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமாக வழுக்கத் தொடங்கினால், தாழ்ந்த இறக்கைக்குத் தூக்கு விசை கூடி, அது தானாக நிமிரப் பார்க்கும். (தூளி போல உடம்பு கீழே தொங்குவதால் நிமிர்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய வேலையைச் செய்வது டைஹீட்ரல்தான்.) இறக்கை தடிமனாக, அடிமுதல் நுனிவரை ஏறக்குறைய ஒரே அகலமாக இருந்தால் மெதுவாகவும் பறக்கும். இறக்கையின் மொத்த நீளம் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை போதும். அதைவிடச் சிறியது மலிவாகக் கிடைக்கும். ஆனால் துள்ளும், காற்றில் அலையும், நூறு மீட்டர் தள்ளிப் போனால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது.

மல்ட்டிப்ளெக்ஸின் ஈஸிஸ்டார், ஹாபிஸோனின் ஏரோஸ்கவுட் போன்றவற்றில் ப்ராப் இறக்கைக்குப் பின்னால் இருக்கும். மூக்கால் குத்தினால் நுரைதான் நசுங்கும், மோட்டாரும் ப்ராப்பும் பிழைக்கும். முதல் மாதம் எத்தனை முறை மூக்கால் குத்தப் போகிறீர்கள் என்பதை யோசித்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும். காசு குறைவென்றால் சன்பேக் ஷீட்டிலோ பயோஃபோமிலோ நாமே வெட்டிச் செய்யலாம். நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஒன்று மட்டும் உஷார்: வெள்ளைத் தெர்மாகோலில் ஃபெவிகுவிக் வைத்தால் ஒட்டாது, கரைத்துக் குழியாக்கிவிடும். எலிவேட்டரே இல்லாமல் இரண்டு குட்டி மோட்டாரின் வேக வித்தியாசத்தால் திரும்பும் பொம்மைகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அவற்றில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

பெட்டியின் மேலுள்ள எழுத்துகளையும் படியுங்கள். ஆர்.டி.எஃப். என்றால் எல்லாம் உள்ளே இருக்கிறது. பி.என்.எஃப். என்றால் ரேடியோ இருக்காது. உள்ளே இருக்கும் ரிசீவருடன் பேசும் ரேடியோவை நீங்கள் வாங்க வேண்டும். ஃப்ளைஸ்கை ரேடியோ வைத்துக்கொண்டு ஸ்பெக்ட்ரம் ரிசீவரோடு மல்லுக்கட்டினால் விடிய விடிய பைண்ட் ஆகாது. பி.என்.பி. என்றால் ரிசீவரும் இல்லை. ‘பாதி விலைக்குக் கிடைத்தது மாமா’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்கியிருப்பார்கள். ரேடியோ வாங்கும்போது மோட் ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள். இங்கே அதிகம் புழங்குவது மோட் இரண்டு. த்ராட்டில் இடது கையில். உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எந்த மோடோ, அதுவே உங்களுக்கும். இல்லையென்றால் ஆபத்து நேரத்தில் அவர் ரேடியோவை வாங்கியும் பயனில்லை.

இனி மேசை வேலை. புது விமானங்கள் நொறுங்குவதற்கான காரணத்தில் முக்கால்வாசி இங்கேயே, வீட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள். வால் உங்களைப் பார்த்திருக்கட்டும். எலிவேட்டர் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலிலுள்ள தட்டு மேலே எழ வேண்டும். ரட்டர் குச்சி வலப்பக்கம் போனால் ரட்டரும் வலப்பக்கம். இதில் யாரும் தவறுவதில்லை. எமன் உட்கார்ந்திருப்பது எய்லரானில், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டில். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். ‘வலப்பக்கம் சாயணும்னா வலதுதானே இறங்கணும்’ என்று மனசு சொல்லும். மனசை நம்பாதீர்கள். எய்லரான் மேலே எழுந்தால் அந்த இறக்கையின் தூக்கு விசை குறைகிறது, அந்த இறக்கை தாழ்கிறது. குழப்பமாக இருந்தால் கட்டைவிரலைக் குச்சியின் தலையில் நிமிர்த்தி வைத்துச் சாயுங்கள். விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க எய்லரான்தான் மேலே இருக்க வேண்டும்.

இது தலைகீழாக இருந்த ஒரு விமானத்தை நான் பார்த்திருக்கிறேன். முதல் பறப்பு. கைவிட்டு ஏறியதும் காற்றில் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. பையன் வலப்பக்கம் தள்ளினான். இன்னும் சாய்ந்தது. பயந்துபோய் முழுக்கத் தள்ளினான். நான்கு விநாடிதான். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக ஒட்டிய விமானம். அவன் அழவில்லை, ரேடியோவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

உங்கள் விமானத்தில் சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கைரோ இருந்தால் பயம் இரட்டிப்பு. ‘கைரோ பார்த்துக்கொள்ளும்’ என்பார்கள். திசை சரியாக இருந்தால் பார்த்துக்கொள்ளும். தப்பாக இருந்தால் அதுவே கவிழ்க்கும். சோதனை வேறு மாதிரி: குச்சியைத் தொடாமல் விமானத்தைக் கையில் எடுத்து வலது இறக்கையைச் சடாரென்று தாழ்த்துங்கள். வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும், அதாவது இறக்கையைத் திரும்பத் தூக்குகிற திசையில். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். கவனம், ரேடியோவில் சேனலைத் திருப்பிப் போட்டதால் கைரோவும் திரும்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். பல கைரோக்களில் அந்தத் திசையைத் தனியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

குச்சியின் துடிப்பைக் குறைக்க எக்ஸ்போ என்று ஒன்று வைப்பார்கள். தொடக்கத்துக்கு 30 சதவீதம் வைக்கச் சொல்வது வழக்கம். இதிலும் ஒரு கண்ணி. ஸ்பெக்ட்ரம் ரேடியோவில் கூட்டல் 30 வைத்தால் மென்மையாகும். ஃப்யூட்டாபாவில் கழித்தல் 30 வைத்தால்தான் மென்மை. கூட்டல் வைத்தால் தொட்டதும் துள்ளும். யாரோ எழுதித் தந்த எண்ணை அப்படியே போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடாதீர்கள். குச்சியைக் கொஞ்சமாக அசைத்து, தட்டு கொஞ்சமாக அசைகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்தது சி.ஜி., எடையின் நடுப்புள்ளி. கையேட்டில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். கையேடு இல்லையென்றால் இறக்கை அகலத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். 200 மில்லிமீட்டர் அகலமென்றால் 50-க்கும் 66-க்கும் நடுவே. முதல் பறப்புக்கு 50 பக்கமாகவே வையுங்கள். பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கு அடியில் அந்த இடத்தில் இரண்டு விரல் நுனியால் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவே கூடாது, பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். மூக்குக் கனம் விமானத்தைச் சோம்பேறியாக்கும், அவ்வளவுதான். வால் கனம் அதைப் பைத்தியமாக்கும். குச்சியைத் தொடுவதற்குள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று, நின்ற இடத்திலிருந்து விழும். சரிபார்த்த பிறகு பேட்டரியை வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். வெயிலில் வெல்க்ரோவின் பசை இளகும். பறக்கும்போது பேட்டரி பின்னால் நகர்ந்தால் நீங்கள் பார்த்த சி.ஜி.யெல்லாம் வீண்.

ப்ராப்பை எந்தப் பக்கமாக மாட்டுவது என்றும் கேட்கிறார்கள். மூக்கில் மாட்டுவதானால் எண் அச்சிட்ட பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதன் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும். பேட்டரி ஒயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. அங்கேயே புகைந்துபோகும்.

பேட்டரி என்றதும் மறுபடி எனக்குப் படபடக்கிறது. இந்த விமானங்களில் இருப்பது லைப்போ. மூன்று செல், 2,200 மில்லி ஆம்பியர் மணி, 25 சி என்று அதன் மேல் எழுதியிருந்தால், 55 ஆம்பியர் வரை கொட்டக்கூடியது என்று பொருள். நம் வீட்டுச் சின்ன பிளக் பாயிண்டே 6 ஆம்பியர்தான். இரண்டு முனையும் தெரியாமல் உரசினால் பற்றவைப்பது போல் பொறி பறக்கும். செல் ஒன்றுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். சார்ஜரில் லைப்போ என்றும் செல் எண்ணிக்கை மூன்று என்றும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மின்சார அளவு 2.2 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். சின்ன வெள்ளை பேலன்ஸ் பிளக்கையும் செருக வேண்டும்.

கட்டில் மேல் சார்ஜ் போடாதீர்கள். சோபா மேல் போடாதீர்கள். போட்டுவிட்டுத் தூங்கப் போகவே போகாதீர்கள். எங்கள் வீட்டில் பழைய மண்சட்டி ஒன்று இதற்கென்றே இருக்கிறது. சிமெண்ட் தரையில், திரைச்சீலை இல்லாத மூலையில். பக்கத்தில் ஒரு வாளி மணல். பேட்டரி அப்பளம் போல உப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது. ‘இன்னும் ஒரு தடவை’ என்ற பேச்சே கூடாது. விமானம் விழுந்து எழுந்தால் பேட்டரியை உடனே வண்டிக்குள் வைக்காதீர்கள். நசுங்கிய செல் கொஞ்ச நேரம் கழித்தும் பற்றலாம். திறந்த வெளியில், கண் முன்னால் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் முழு சார்ஜில் ஒரு லைப்போ கிடப்பதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

மேசையை விட்டு எழுமுன் இன்னொரு சோதனை, ப்ராப் இல்லாமலேயே. மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் ஃபெயில்சேஃப் அமையவில்லை என்று அர்த்தம். சிக்னல் அறுந்த விமானம் முழு வேகத்தில் யார் வீட்டுக் கூரைக்கோ போகும். பழக்கமும் இதோடு சேர்ந்தது: முதலில் ரேடியோ, பிறகு விமானத்தின் பேட்டரி. முடிக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு ரேடியோ.

எங்கே பறக்கவிடுவது? இதை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் ட்ரோனுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆளில்லாமல் பறக்கும் எல்லாமே அதில் அடக்கம், உங்கள் நுரை விமானமும் கூட. 250 கிராமைத் தாண்டினாலே அது நானோ வகையிலிருந்து மைக்ரோ வகைக்குப் போய்விடும். முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை. விமான நிலையச் சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். அதைவிட நெருக்கமென்றால் அனுமதியில்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். சென்னையின் தெற்கே நின்றால் ஒரு பக்கம் மீனம்பாக்கம், மறு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். கோவைக்குப் பீளமேடும் சூலூரும். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி. அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது, உங்கள் எடைக்கு என்ன பதிவு வேண்டும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்ற ஊரில், ஒரு கிலோ நுரையை வைத்துக்கொண்டு ஆனி, ஆடியில் போய் நிற்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் அடிக்கும் காற்றை அறிந்தவர்கள் செய்யக்கூடாத காரியம். ட்ரெய்னர் போகும் வேகமே மணிக்கு 40 கிலோமீட்டர் சொச்சம். எதிர்க்காற்று 30 என்றால் அது ஊர்ந்துதான் முன்னேறும். திரும்பிவிட்டால் ஊரைத் தாண்டிப் போகும். காலை ஆறிலிருந்து எட்டு மணிவரை, தென்னை ஓலை அசையாத நேரமே உங்கள் நேரம்.

தனியாகப் போகாதீர்கள். பறக்கவிடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதல் ஏற்றத்தையும் ட்ரிம் வைப்பதையும் அவரே செய்யட்டும். அதற்கு முன் பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரில் விழ வேண்டியதையெல்லாம் விழுந்து முடித்துவிடுங்கள். முக்கியமாக, விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறும். அந்த நேரத்தில் தாழ்ந்திருக்கும் இறக்கையின் பக்கமாகக் குச்சியைத் தள்ளினால் நிமிரும். கைக்கு இது பழகும்வரை சிமுலேட்டரை விடாதீர்கள். உயரம் தென்னை மரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் இறங்கும் விமானத்தை நோக்கித்தான் ஓடுவார்கள். அவர்களை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்த ஓர் ஆள் வேண்டும்.

இதையெல்லாம் போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். ஸ்பிட்ஃபயரைப் பெட்டியோடு பரண் மேல் வைக்கச் சொன்னேன். ஒரு வருஷம் கழித்து எடுத்துக்கொள்ளட்டும். என்னுடைய பழைய ஈஸிஸ்டாரை வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். முகம் சுண்டியிருக்கும், போனில் தெரியவில்லை. காலையில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

“மாமா, ப்ராப்பைக் கழட்டிட்டேன். எந்த டிராயர்ல போட்டேன்னு தெரியல. பாப்பா எடுத்து காகித விசிறி மாதிரி வச்சு விளையாடிட்டு இருக்கா. இது பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று எழுதினேன்.